யாரும் இல்லாத நேரத்து அம்மா

பெருநகரம் ஒன்றின் அடுக்குமாடி வீட்டில் ஒரு மூதாட்டியும் ஒரு பூனையும் இருக்கிறார்கள். நாள் முழுக்கச் சாம்பல் நிறம். அவரிடம் தீப்பெட்டிகளின் சேகரிப்பு ஒன்று உண்டு. பெட்டியின் மேலிருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது விரிந்து, அவரையும் பூனையையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். வண்ணம் அங்கேதான் இருக்கிறது. கீதாஞ்சலி ராவ் 2006-இல் எடுத்த ‘பிரிண்டட் ரெயின்போ’ என்ற 15 நிமிட அனிமேஷன் படத்தின் கதை இவ்வளவுதான். வசனம் கிடையாது. கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டு விருதுகள் பெற்றது. மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்த ராவ், அனிமேஷனைத் தானாகவே கற்றுக்கொண்டவர். பெரிய நிறுவனத்தின் துணையின்றி, தன் கையாலேயே படம் படமாக வரைந்து இதை உருவாக்கினார்.

படத்தில் அந்த மூதாட்டி யாருடைய அம்மாவாகவும் காட்டப்படுவதில்லை. ஆனாலும் இதைத் தாய்மையைப் பற்றிய படமாகவே பார்க்கிறேன். நம் ஊரில் தனியாக இருக்கும் வயதான பெண்ணைப் பார்த்ததும் எழும் முதல் கேள்வி, “பிள்ளைங்க எங்கே இருக்காங்க?” அவர் தனிமைக்குக் காரணமும் பிள்ளை, மருந்தும் பிள்ளை என்றே எடுத்துக்கொள்கிறோம். ராவின் படம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில் அவர் என்ன செய்கிறார், மனத்துக்குள் எங்கே போய்வருகிறார் என்று மட்டும் பார்க்கிறது. தமிழில் தாயைப் பற்றி எழுதியும் பாடியும் குவித்திருப்பவற்றில் இந்தப் பார்வை அரிது. ஏன் அரிது என்று யோசிக்க வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. தீப்பெட்டியும் பட்டினத்தாரும் ஒரே ஊரில் கிடைக்கிறார்கள்.

முதலில் தீப்பெட்டி. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து நீட்டிக்கப்பட்ட பாதையில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பே அங்கே அதே பெயரில் ஒரு புறநகர் ரயில் நிலையம் உண்டு. தினம் அங்கே இறங்குபவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் என்று தெரியுமோ! வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் விம்கோ. உலகத் தீக்குச்சிச் சந்தையை வளைத்துப்போட்ட சுவீடன்காரர் ஐவர் குரூகரின் நிறுவனம் 1923-இல் இந்தியாவில் தொடங்கிய கிளை அது. அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, அசாமின் துப்ரி ஆகிய ஊர்களோடு திருவொற்றியூரிலும் தொழிற்சாலை எழுந்தது. ‘ஷிப்’, ‘ஹோம்லைட்ஸ்’ எல்லாம் விம்கோவின் சரக்கு. குரூகர் 1932-இல் கடனில் மூழ்கி பாரிஸில் தற்கொலை செய்துகொண்டார். அவர் விட்டுச் சென்ற கம்பெனி திருவொற்றியூரில் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. 2005-இல் ஐ.டி.சி. அதை வாங்கியது.

விம்கோ இயந்திரத்தில் செய்ததை எதிர்த்து நின்றது சிவகாசியின் கைத்தொழில். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுவந்து ஊரில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். இயந்திரத் தொழிற்சாலைக்குக் கூடுதலாகவும் கைத்தொழிலுக்குக் குறைவாகவும் இருந்த கலால் வரி பின்னாளில் சிறு உற்பத்தியாளர்களுக்குக் கைகொடுத்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். சிவகாசி அச்சுத்தொழில் நகரமானதில் இந்தத் தேவைக்கு முக்கியப் பங்கு உண்டு. புலியும் மயிலும் சாமி படங்களும் நடிகைகளும் கப்பலும் சாவியும் அந்தச் சின்னஞ்சிறு தாளில் அச்சேறின. தெருவில் பொறுக்கிய தீப்பெட்டிப் படங்களைப் பந்தயம் வைத்து ஆடிய தலைமுறைக்கு, ராவ் ஏன் இவற்றைத் தேர்ந்தெடுத்தார் என்று விளக்க வேண்டியதில்லை. ஏழை வீட்டுக்கும் காசில்லாமல் வந்து சேர்ந்த ஓவியம் அது.

ஆனால் அந்த வண்ணத்துக்கு அடியில் இருந்த கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை, சிறுமிகளுடையவை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டுக்குள்ளேயே நடந்த வேலைகள். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் அம்மாவின் கை போதாமல் மகளின் கையும் சேர்ந்தது. சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் (குட்டி ஜப்பான் என்பது சிவகாசிதான்) அந்தச் சிறுமிகளைத்தான் காட்டியது. 1996-இல் எம்.சி. மேத்தா வழக்கில் குழந்தைத் தொழிலாளர் பற்றி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் சிவகாசியிலிருந்து கிளம்பியதே. ராவின் படத்தில் இதெல்லாம் இல்லை. 15 நிமிடத்தில் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்று உறுத்தும். ஒரு பெண் தன் தனிமைக்குள் நுழைந்து ரசிக்கும் அந்தப் படத்தை, இன்னொரு பெண் தலைநிமிர நேரமில்லாமல் பெட்டியில் ஒட்டியிருப்பாள்.

இனி பட்டினத்தார். திருவொற்றியூர்க் கடற்கரையில் அவர் சமாதி இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், காதற்ற ஊசிகூடக் கடைசியில் உடன் வராது என்ற வாசகத்தில் கண் திறந்து எல்லாவற்றையும் உதறிக் கிளம்பியவர், கடைசியில் இங்கே சிறுவர்களோடு விளையாடியபடி லிங்கமானார் என்பது வழக்குக் கதை. துறவிகளில் தாயை விடமுடியாதவர் என்றே தமிழர் மனத்தில் அவர் நிற்கிறார். புறப்படும்போது தாயின் இடுப்பில் ஒரு பையைக் கட்டி, அது அவிழும் நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனாராம். தாய் இறந்த அன்று சொன்னபடி வந்து, அடுக்கியிருந்த விறகை விலக்கிப் பச்சை வாழைமட்டையை அடுக்கிப் பாடியே தீ மூட்டினாராம். அந்தப் பாடல்களைத் தெரியாத தமிழ் வீடு குறைவு. இன்றும் சாவு வீட்டில் ஒலிக்கின்றன. 1962-இல் டி.எம். சௌந்தரராஜன் பட்டினத்தாராக நடித்த படம் வந்தபின் அவை இன்னும் பரவின.

இந்தக் கதையில் எனக்கு நெருடுவது அந்தப் பைதான். மகன் போனபிறகு, பை அவிழும் வரை, அந்த அம்மா என்ன செய்துகொண்டிருந்தார்? எழுந்ததும் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாரா? தெருவில் மகன் பிச்சைக்குப் போவதைச் சாளரத்தில் நின்று பார்த்தாரா? மகன்மேல் கோபம் வந்ததா? கதை எதையும் சொல்லவில்லை. அவர் கதைக்குள் வருவது பெறும்போதும் சாகும்போதும் மட்டுமே. சுமந்ததும் பாலூட்டியதும் மகன் வாயால் பாட்டாகின்றன. இடைப்பட்ட காலம் வெற்றிடமாகக் கிடக்கிறது.

ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் சாவு வீட்டில் இரவில் பாடும் மரண கானாவைக் கேட்டவர்களுக்கு இந்தத் தொடர்ச்சி புரியும். பந்தலடியில் பெரும்பாலும் ஆண்களே பாடுகிறார்கள். அம்மாவைப் பற்றிய பாட்டு வந்தால் கூட்டத்தில் இருக்கும் முரட்டுப் பையன்களும் உடைந்து அழுவார்கள். பட்டினத்தாரின் உணர்ச்சிக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. பாடுபவன் மகன், கேட்பவன் மகன், பாடப்படுபவள் போய்ச் சேர்ந்தவள்.

தமிழில் தாய் தானே பேசியதே இல்லையா என்றால், பேசியிருக்கிறாள். சங்க அகப்பாட்டில் நிறையவே. மகள் காதலனோடு ஊரைவிட்டுப் போனபின் நற்றாய், அதாவது பெற்ற தாய், எப்படியெல்லாம் புலம்புவாள் என்று தொல்காப்பியம் இலக்கணமே வகுத்துவைத்திருக்கிறது. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார் அதற்கென்றே ‘மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து’ பாடியிருக்கிறார். சங்கப் பாட்டில் மகள் போன வீட்டில் அவள் ஆடிய பந்தும் பாவையும் கழங்கும் கிடக்கும். தாய் அவற்றைப் பார்ப்பாள், மகள் நடந்துபோகும் பாலை வெயிலை நினைப்பாள். பின்னர் ஆழ்வார்கள். பெரியாழ்வார் யசோதையாகப் பாடியதை எல்லோரும் சொல்வார்கள். குலசேகர ஆழ்வார் தேவகியாகப் புலம்பிய பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழி அதைவிட ஆழமானது என்பது என் கருத்து. கண்ணனைப் பெற்றும் வளர்க்கக் கொடுத்துவைக்காதவள் அவள். தாலாட்டக் கிடைக்கவில்லை, மழலை கேட்கக் கிடைக்கவில்லை, எல்லாம் யசோதைக்குப் போயிற்று என்ற ஏக்கத்தில் பொறாமையும் கலந்திருக்கிறது. தாயின் பொறாமையை இவ்வளவு நேராகத் தொட்ட இன்னொரு பழம்பாட்டு சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

ஆனால் நற்றாயும் சரி, தேவகியும் சரி, பேசுவதெல்லாம் பிள்ளையைப் பற்றியே. பிள்ளை இல்லாத இடம்தான் அங்கே தனிமை. அதைத் தாண்டிய பேச்சு ஏட்டுக்கு வெளியே, பெண்களின் வாயில் இருந்தது. தாலாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டார் தாலாட்டுகளில் குழந்தையைப் பற்றிய வரிகளோடு மாமியார் கொடுமை, கணவனின் அலட்சியம், பிறந்த வீட்டு ஏக்கம் எல்லாம் வந்துவிடும். நள்ளிரவில் அவளுக்குக் கிடைத்த ஒரே காது குழந்தையுடையது. அதற்குப் பேச்சு புரியாது என்பதே அவளுக்குத் தைரியம். ஒப்பாரியும் அப்படியே. செத்தவருக்காகக் கட்டிப்பிடித்து அழ ஆரம்பிப்பவர் நாலு வரியில் தன் கதைக்கு வந்துவிடுவார். வடசென்னையில் பாட்டியை ஆயா என்பார்கள். எழவு வீட்டில் ஆயாக்கள் அழுவதைக் கவனித்துக் கேட்டால் ஒரு வாழ்க்கை வரலாறே கிடைக்கும். கேட்பவர் யாருமில்லை; சத்தம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அனிமேஷன் படங்கள் சில இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டிருக்கின்றன. டோமீ ஷீ இயக்கிய ‘பாவ்’ 2018-இல் வெளியான 8 நிமிடப் படம். பிக்ஸார் நிறுவனத்தின் குறும்படம் ஒன்றை இயக்கிய முதல் பெண் அவர். படம் மறு ஆண்டு ஆஸ்கர் பெற்றது. டொரொன்டோவில் குடியேறிய சீனத் தாய் ஒருத்தி பிடித்த கொழுக்கட்டை உயிர்பெறுகிறது. அதைக் குழந்தையாக வளர்க்கிறாள். வளர்ந்து, காதலியைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, பொறுக்கமாட்டாமல் அதை எடுத்து வாயில் போட்டு விழுங்கிவிடுகிறாள்! பிறகு அழுகிறாள். நற்றாய் புலம்பலுக்கும் இதற்கும் சூழல் ஒன்றுதான்: பிள்ளை துணையோடு போய்விட்டது, வீட்டில் அவள் மட்டும். சங்கத் தாய் நிமித்தம் பார்ப்பாள், காட்டை வேண்டுவாள், இவள் தின்றுவிடுகிறாள். நடிகையை வைத்து எடுத்தால் கொடூரமாகவோ கேலியாகவோ போய்விடும் அந்தக் கணம், மாவுப் பொம்மையாக வரைந்திருப்பதால் அப்படியே நெஞ்சில் இறங்குகிறது.

மமோரு ஹோசோதாவின் ‘வுல்ஃப் சில்ட்ரன்’ 2012-இல் ஜப்பானில் வந்த முழுநீளப் படம். ஓநாய் மனிதன் ஒருவனைக் காதலித்து இரண்டு பிள்ளை பெற்ற ஹானா, அவன் செத்துப்போனபின் தனியாக வளர்க்கிறாள். பிள்ளைகள் நினைத்தால் ஓநாய்க்குட்டியாகிவிடும். மூத்தவள் எதையோ விழுங்கிவிட்ட இரவில் ஹானா தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். ஒரு பக்கம் குழந்தை மருத்துவமனை, எதிர்ப்பக்கம் கால்நடை மருத்துவமனை. எதற்குள் நுழைவது? நடுத்தெருவில் நிற்கிறாள். முதல் பிள்ளையைப் பெற்ற பெண்ணின் தனிமையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சி நான் பார்த்ததில்லை. அவளுக்கு இல்லாதது ஆள் துணையைவிட, கேட்பதற்கு ஒருத்தி. படத்தின் கதையைச் சொல்வது மகள்தான். ஆனால் மகள் பிறக்கும் முன் நடந்தவையும், மகள் தூங்கும்போது அம்மா எழுந்து உட்கார்ந்திருந்ததும் திரையில் வந்துகொண்டேயிருக்கின்றன.

ஹானாவுக்கு இல்லாதது ராயபுரத்தில் தாராளமாகக் கிடைக்கும் என்று தோன்றலாம். 1880-இல் தொடங்கிய ராஜா சர் ராமசாமி முதலியார் பிரசவ மருத்துவமனை, ஆர்.எஸ்.ஆர்.எம். என்றே ஊருக்குத் தெரியும், வடசென்னையில் பாதிப் பேர் கண் திறந்த இடம். வாசலில் எந்நேரமும் கூட்டம். மாமியார், அம்மா, நாத்தனார், பக்கத்து வீட்டக்கா என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு. அரசும் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கொடுக்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒருத்தி, “எனக்குக் குழந்தையைப் பார்த்தாலே அழுகையா வருது” என்று சொன்னால் என்ன பதில் கிடைக்கும்? “பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும். பேசாம படு.” கூட்டத்துக்கு நடுவே பேச முடியாமல் போவது அடுக்குமாடித் தனிமைக்குக் குறைந்ததல்ல. ராவின் மூதாட்டிக்காவது கதவு என்று ஒன்று இருந்தது. ஒரே அறை வீட்டில் ஒருத்தி முகத்தை மூடி அழுவதற்குக்கூட எல்லோரும் தூங்க வேண்டும்.

நம் சினிமா வடசென்னைக்குள் வராமல் இல்லை. ‘மெட்ராஸ்’, ‘வடசென்னை’, ‘சார்பட்டா பரம்பரை’ என்று கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்தவை இந்தப் பகுதியின் சுவரையும் சந்தையும் அரசியலையும் நன்றாகவே பதிவுசெய்தன. ‘சார்பட்டா’வில் அனுபமா குமார் நடித்த பாக்கியம் நல்ல பாத்திரம், கணவனைப் பறிகொடுத்தவள், மகனும் அதே வழியில் போவானோ என்று விளக்குமாற்றால் அடிக்கும் தாய். ஆனாலும் மகன் குத்துச்சண்டைக்குப் போகும் வழியில் அவள் நிற்கும்போதுதான் கேமரா அவள்மேல் திரும்புகிறது. மகன் பயிற்சிக் கூடத்தில் இருக்கும் அத்தனை மாலைகளிலும் பாக்கியம் என்ன செய்தாள் என்பது படத்துக்கு வேண்டாத சங்கதி. பட்டினத்தாரின் அம்மாவுக்கு நேர்ந்ததே இவளுக்கும்.

இந்தக் கடற்கரையில் எடுக்கப்படாத படம் ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதிகம். பிள்ளைகளை இழந்த தாய்மார் பலர் முன்பே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அவர்கள் மீண்டும் கருத்தரிக்க, கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவைச் சிகிச்சையை அரசு செலவில் செய்துதருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. பலர் செய்துகொண்டார்கள்; சிலருக்குப் பிள்ளை பிறந்தது, சிலருக்கு இல்லை. நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் துக்கத்தில் கிடந்தவளிடம் உறவும் ஊரும் அரசும் சேர்ந்து சொன்னது ஒன்றே: மறுபடியும் அம்மாவாகு. அவளுக்கு வேறு ஏதாவது வேண்டியிருந்ததா என்று கேட்டதாகத் தெரியவில்லை. சென்னையில் சாவு எண்ணிக்கை குறைவு, இடப்பெயர்ச்சி அதிகம். வடசென்னைக் கரையோரக் குப்பங்களில் வீடிழந்தவர்கள் திருவொற்றியூர் கார்கில் நகரின் தற்காலிகக் கொட்டகைகளில் கிடந்து, பிறகு எர்ணாவூரின் சுனாமி குடியிருப்பிலும் நகரின் மறுகோடியில் செம்மஞ்சேரியிலும் அமர்த்தப்பட்டார்கள். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து விற்றவளுக்கு மாடிக் குடியிருப்பு கிடைத்தது. கூடவே வாசலில் உட்கார்ந்து பேசிய அண்டைவீட்டுக்காரிகள் பிரிந்தார்கள். ஆளுக்கொரு பிளாக், ஆளுக்கொரு மாடி. ராவின் மூதாட்டி வாழும் அடுக்குமாடி இப்படித்தான் மீனவப் பெண்ணையும் வந்து சேர்ந்தது.

அந்தப் படத்தை ஏன் அனிமேஷனாக எடுக்க வேண்டும், கேமராவைத் தூக்கிக்கொண்டு எர்ணாவூருக்குப் போனால் ஆகாதா? ஆகாது என்றே நினைக்கிறேன். கேமரா வைக்க அந்த வீட்டில் இடமில்லை. வைத்தாலும் மருமகள் காதில் விழும்படி மாமியார் வாய் திறக்கமாட்டார். அறுவைச் சிகிச்சை செய்தும் பிள்ளை பிறக்காதவள் தன் முகத்தைக் காட்டி அதைப் பேசுவாள் என்று எதிர்பார்ப்பதே வன்முறை. 2021-இல் வந்த ‘ஃப்ளீ’ என்ற டேனிஷ் படம் இதற்கு ஒரு வழி காட்டியது. ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பிவந்த ஒருவரின் உண்மைக் குரலை வைத்துக்கொண்டு, முகத்தையும் பெயரையும் மாற்றி அவர் கதையை அனிமேஷனாக எடுத்தார் இயக்குநர் யோனாஸ் போஹர் ராஸ்முசென். ஆவணப்படம், அனிமேஷன், சர்வதேசப் படம் என்று மூன்று பிரிவிலும் ஒரே நேரத்தில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் படம் அது. செலவும் மலைக்க வைப்பதல்ல. 15 நிமிடம் என்பது 900 வினாடி; இரண்டு சட்டகத்துக்கு ஒரு படம் என்று வைத்தால் வினாடிக்கு 12, மொத்தம் 10,800 படங்கள். வெளிநாட்டுப் படங்களுக்கு ஒப்பந்த வேலை செய்யும் கைகள் சென்னையிலேயே ஏராளம். 1850-இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி ராயபுரத்திலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது. பிற்பகலில், மகன்கள் வேலைக்குப் போய்ப் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில், ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு பெண் அந்த மாடிப்படி ஏறினால் வேலையைத் தொடங்கிவிடலாம்.